மயில்துத்தம் முதல் மருந்து வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் அமைந்துள்ள ஊர் ஜவளகிரி. ஒரு புறம் யானைகள் உலவும் காடு. மறு புறம் கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலம். வடக்கே சென்றால் ஓசூரின் தொழிற்சாலைகள். அவ்வூரை அடுத்த தோட்டம் ஒன்றில், ஒரு நாள் காலை, முதியவர் ஒருவர் தக்காளிச் செடிக்கு மருந்து கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் புட்டியில் வாங்கிய மருந்தன்று அது. ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் 50 லிட்டர் நீர்; அதில் 1 கிலோ மயில்துத்தம். மற்றொரு பீப்பாயில் 50 லிட்டர் நீர். அதில் 1 கிலோ சுண்ணாம்பு. நீல நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல மெல்ல ஊற்றிக் கோலால் கலக்கினார். பிறகு இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, அதன் முனையைக் கலவையில் சற்று நேரம் அமிழ்த்தி வெளியே எடுத்தார். இரும்பின் மேல் செந்நிறம் படிந்திருந்தது.

"சுண்ணாம்பு பத்தலைங்க சார்" என்று கூறிவிட்டு, இன்னும் ஒரு பிடி சுண்ணாம்பைக் கரைத்துச் சேர்த்தார். மறுபடியும் அரிவாள். இம்முறை இரும்பு இரும்பாகவே இருந்தது. அதன் பின்னரே தெளிப்பானைத் தோளில் மாட்டினார்.

மாணவ நண்பர்களே, அந்த முதியவர் செய்தது என்ன? ஓர் உலோகச் சேர்மத்தைத் தயாரித்தார். அது சரியாக அமைந்ததா என்று சோதித்தார். பிறகு ஓர் உயிரின் மேல், அதாவது இலையில் நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் மேல், அதை ஏவினார். இன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் இடைநிலை உலோகங்களின் அணைவுச் சேர்மங்களைத் தயாரித்து உயிரியல் சோதனை செய்வோர் மேற்கொள்வதும் இதே மூன்று படிகளைத்தான். அவர்களுடைய பாதை இன்னும் நீண்டது; இடறி விழும் இடங்களும் அதிகம். அந்தப் பாதையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். இந்த எல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளும் புழங்குகின்றன. கன்னடத்தில் அதை மைலுதுத்த என்பர். தெலுங்கில் மைலுதுத்தம் என்பர். சந்தையில் எந்த மொழியில் கேட்டாலும் அதே நீலக் கட்டி கிடைக்கும். அதிலுள்ள தாமிரம் அளவுக்கு மிஞ்சிக் கரைந்த நிலையில் இருந்தால் இலையையே கருக்கிவிடும். கரைந்த தாமிரம் மிச்சமிருக்கிறதா என்பதைத்தான் அரிவாள் காட்டிற்று. தாமிர அயனிகள் நிறைந்த நீரில் இரும்பை வைத்தால், இரும்பு சிறிது கரைந்து போக, தாமிரம் அதன் மேல் உலோகமாகப் படியும். சுண்ணாம்பு போதுமான அளவு சேர்ந்துவிட்டால் தாமிரம் கரையாத காரச் சேர்மமாக மாறிவிடுகிறது; அரிவாளில் படிவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை.

இக்கலவைக்குப் போர்டோ கலவை என்று பெயர். பிரான்சு நாட்டில் போர்டோ நகருக்கு அருகிலுள்ள மெடோக் பகுதியில், சாலையோரத் திராட்சைக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாதிருக்க, உழவர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பது வழக்கம். அவ்வாறு பூசப்பட்ட கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோயினின்று தப்பியிருந்ததை 1882 ஆம் ஆண்டில் மில்லார்டே என்னும் தாவரவியல் பேராசிரியர் கவனித்தார்; 1885 இல் அதை உலகுக்கு அறிவித்தார். திருடரை விரட்ட வந்தது நோயை விரட்டிற்று.

கரையாத தாமிரம் பூஞ்சணத்தை எப்படிக் கொல்லும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஈர இலையின் மேல் விழுந்த பூஞ்சண வித்து முளைக்கும்போது, சில கரிம அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் கசியவிடுகிறது. அவை தாமிரத்தைப் பற்றிக்கொண்டு கரையும் அணைவுகளாக ஆக்குகின்றன. அந்தத் தாமிரம் வித்தினுள்ளே சென்று அதன் நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது என்று கூறுவர். தன் வாயிலிருந்து ஊறிய நீராலேயே நஞ்சைக் கரைத்து உண்டு மடிகிறது வித்து.

இனி, அணைவு என்று சொன்னேனே, அது யாது என்று பார்ப்போம். மயில்துத்தக் கட்டியைச் சட்டியிலிட்டு வறுத்தால் நீலம் மறைந்து வெண்பொடியாகிவிடும். ஒரு துளி நீர் விட்டால் மீண்டும் நீலம். நீலம் தாமிரத்தின் நிறமன்று. தாமிரத்தைச் சூழ்ந்து நிற்கும் நீர் மூலக்கூறுகளோடு அது கொண்ட உறவின் நிறம். அந்நீல நீரில் அம்மோனியாக் கரைசலை ஊற்றிக்கொண்டே போனால், முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றிப் பின் கரைந்து, கண்ணைப் பறிக்கும் கருநீலம் பிறக்கும். நீர் விலகிக்கொள்ள, அம்மோனியா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வாறு நடுவே ஓர் உலோக அணுவும், அதற்குத் தம் எலக்ட்ரான் இணைகளை ஈந்து சுற்றிலும் நிற்கும் மூலக்கூறுகளும் அயனிகளும் சேர்ந்த அமைப்பே அணைவு. சுற்றி நிற்பவற்றை ஈனிகள் என்று நம் பாடநூல்கள் கூறும். இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம், பிளாட்டினம் முதலிய இடைநிலை உலோகங்கள் இத்தகைய அணைவுகளை அமைப்பதில் மிக வல்லவை.

இவற்றின் அமைப்பு நெடுங்காலம் விளங்காத புதிராகவே இருந்தது. கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்து மஞ்சள், ஊதா, பச்சை எனப் பல நிற உப்புக்களைத் தருகின்றன. மூன்றிலும் குளோரின் அணுக்கள் மூன்றே. ஆயினும் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால், ஆறு அம்மோனியா கொண்ட மஞ்சள் உப்பில் மூன்று குளோரினும் வெண்படிவாக வீழ்கின்றன. ஐந்து அம்மோனியா கொண்ட ஊதா உப்பில் இரண்டே வீழ்கின்றன. நான்கு கொண்ட பச்சை உப்பில் ஒன்றுதான். எஞ்சியவை எங்கே ஒளிந்தன? சூரிச் நகரில் இருந்த ஆல்பிரட் வெர்னர் என்னும் இளைஞர் ஓர் இரவு இரண்டு மணிக்கு விடையோடு விழித்தெழுந்தார் என்றும், மறுநாள் மாலைக்குள் கட்டுரையை எழுதி முடித்தார் என்றும் சொல்வர். அக்கட்டுரை 1893 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு. அம்மோனியா குறையும்போது அந்த இடத்தில் குளோரின் வந்து உள்ளே அமர்ந்துகொள்கிறது. உள்ளே அமர்ந்தது வெள்ளிக்கு அகப்படாது. வெளியே நிற்பதுதான் அகப்படும். இவ்வளவுதான் விடை. 1913 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

வெர்னருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே மக்கள் அணைவுகளைக் கையாண்டு வந்திருக்கின்றனர். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்தால் மை கிடைக்கும். அன்னபேதி இரும்பு சல்பேட். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ள, காற்றுப் பட்டு அது கருமையடைகிறது. இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வதும் இதனால்தான். தேயிலையின் துவர்ப்பு, குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்திற்குப் போகவிடாது.

உயிருக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவைக் கால்நடை வளர்ப்போரிடமிருந்தே நன்கு அறியலாம். மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தை மாடு மேய்ந்துவிட்டால் சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்துவிடும் என்பது ஊரறிந்த செய்தி. வாடிய இளம் பயிரில் சயனைடு பிறக்கும் பொருள் மிகுந்திருப்பதே காரணம். இதில் வியப்பு என்னவெனில், அப்படிச் சாயும் மாட்டின் இரத்தம் கறுப்பதில்லை, பளிச்சென்று சிவந்திருக்கும். இரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் உடலால் இயலவில்லை. உயிரணுவினுள் பிராணவாயுவை ஏற்றுச் செயற்படுத்தும் நொதியில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. அந்த இரும்பைச் சயனைடு பற்றிக்கொண்டு விடுவதில்லை. ஓர் அணைவு அமைவதால் ஓர் உயிர் போகிறது.

கால்நடை மருத்துவர் என்ன செய்கிறார்? சோடியம் நைட்ரைட்டை ஊசி வழியே செலுத்துகிறார். அது இரத்தச் சிவப்புப் பொருளில் ஒரு பகுதியை மாற்றி, அதிலுள்ள இரும்பைச் சயனைடு பெரிதும் விரும்பும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. சயனைடு நொதியை விட்டு இந்த இரும்பை நாடி வந்துவிடுகிறது. பின்னர் சோடியம் தயோசல்பேட்டைச் செலுத்துகிறார். அது சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேறச் செய்கிறது. நேரம் தவறாமல் மருத்துவர் வந்து சேர்ந்தால் சாய்ந்த மாடு எழுந்து நிற்கும். கறவை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில் அது சிறிய செய்தி அன்று.

மனிதருக்குச் சயனைடு நஞ்சேறினால் தரும் மருந்துகளுள் ஒன்று ஹைடிராக்சோகோபாலமின். அது வைட்டமின் பி12 குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் நடுவே இருப்பது கோபால்ட். சயனைடு கோபால்ட்டைப் பற்றிக்கொண்டதும் கிடைப்பது சயனோகோபாலமின், அதாவது மருந்துக் கடையில் பி12 என்று விற்கும் அதே சத்து! நஞ்சு சத்தாக மாறி வெளியேறுகிறது. இம்மூலக்கூறின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து 1956 இல் கண்டு சொன்னவர் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார். 1964 இல் நோபல் பரிசு பெற்றார். மாட்டுக்குத் தரும் தாது உப்புக் கலவையில் கோபால்ட் சேர்ப்பதும் இதன் பொருட்டே. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கோபால்ட்டைக் கொண்டு பி12 ஐத் தாமே ஆக்கிக்கொள்கின்றன.

இதுகாறும் சொன்னவை இயற்கையும் வழக்கமும் தந்தவை. மனிதன் தானே ஓர் அணைவைத் தயாரித்து, சோதித்து, மருந்தாக்கிய வரலாற்றில் தலையாய இடம் சிஸ்பிளாட்டினுக்கு உரியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1844 ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே பிளாட்டினம், அம்மோனியா, குளோரின் இவை சேர்ந்த ஒரு மஞ்சள் உப்பைத் தயாரித்தார். நூற்றாண்டுக்கு மேலாக அது ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் தோன்றும் கதிர் போன்ற கோடுகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அமையும் கோடுகளைப் போன்றிருந்தன அவருக்கு. மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்குமோ? பாக்டீரியங்கள் வளரும் குடுவையில் பிளாட்டினத் தகடுகளைச் செருகி மின்னோட்டம் பாய்ச்சினார். பாக்டீரியங்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை. வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நூலாக நீண்டன.

மின்சாரத்தின் வெற்றி என்று அறிவித்துவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அந்தத் திரவம் தானே அவ்வேலையைச் செய்வதைக் கண்டார். மாறாது என்று எல்லாரும் நம்பியிருந்த பிளாட்டினத் தகடு சிறிதளவு கரைந்து, வளர்ப்புத் திரவத்திலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து அணைவுகளை ஆக்கியிருந்தது. முதல் கட்டுரை 1965 இல் வந்தது. எலிகளின் புற்றுக் கட்டிகளை அவ்வணைவு கரைத்ததைக் கூறும் கட்டுரை 1969 இல் வந்தது. பெய்ரோனேயின் பழைய மஞ்சள் உப்பே அந்த அணைவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு இடங்கள், ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல. இரு மூலைகளில் அம்மோனியா, இரு மூலைகளில் குளோரின். அம்மோனியா இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் நின்றால் அது மருந்து. எதிரெதிர் மூலைகளில் நின்றால் அது மருந்தன்று. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. நிற்கும் இடம் மட்டுமே வேறு. ஆகவே மருந்தைத் தயாரிப்பவர் அடுத்தடுத்து நிற்கும் வடிவத்தை மட்டும் பெறவேண்டும். இதற்கு எளிய, விரைவான வழியை 1970 இல் 'இந்தியன் ஜர்னல் ஆப் கெமிஸ்ட்ரி' என்னும் நம் நாட்டு இதழில் எஸ். சி. தாரா வெளியிட்டார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் 'தாரா முறை' என்றே அதைச் சொல்கின்றனர். நம் மாணவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குச் சற்று வருத்தந்தான்.

தாரா செய்த தந்திரம் இது. முதலில் நான்கு மூலைகளிலும் அயோடினை நிறுத்துகிறார். அயோடினுக்கு ஒரு குணம் உண்டு. தனக்கு நேர் எதிர் மூலையில் இருப்பதை அது தளர்த்திவிடும். எதிர் மூலையைத் தளர்த்தும் இவ்விளைவை 1926 இல் ருசிய வேதியியலார் செர்னியாயெவ் எடுத்துக்காட்டியிருந்தார். இப்போது அம்மோனியாவைச் சேர்த்தால் முதல் அம்மோனியா ஏதோ ஒரு மூலையில் அமர்கிறது. இரண்டாவது எங்கே அமரும்? முதல் அம்மோனியாவுக்கு எதிரே உள்ள அயோடின் உறுதியாக நிற்கிறது. ஏனெனில் அம்மோனியாவுக்குத் தளர்த்தும் ஆற்றல் குறைவு. மற்ற இரு அயோடின்களோ ஒன்றையொன்று தளர்த்திக்கொண்டு நிற்கின்றன. எனவே இரண்டாவது அம்மோனியா அவற்றுள் ஒன்றை அகற்றிவிட்டு முதல் அம்மோனியாவுக்குப் பக்கத்திலேயே வந்து அமர்கிறது. மஞ்சள் படிவு விழுகிறது. பின்னர் வெள்ளி நைட்ரேட்டால் அயோடினை நீக்கி, பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தால் சிஸ்பிளாட்டின் கைக்கு வந்துவிடும்.

உடலினுள் அது செய்யும் வேலையும் இடமாற்றமே. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. ஆகவே பிளாட்டினத்தின் குளோரின்கள் அசைவதில்லை. உயிரணுவின் உள்ளே குளோரைடு குறைவு. அங்கே குளோரின் நழுவ, அவ்விடத்தில் நீர் வந்து அமர்கிறது. நீரை எளிதில் அகற்றலாமாதலால் பிளாட்டினம் டி.என்.ஏ. இழையிலுள்ள அடுத்தடுத்த இரு குவானின்களைக் கவ்விக்கொள்கிறது. இழை வளைகிறது. வளைந்த இழையைப் படியெடுக்க முடியாமல் புற்றணு மடிகிறது. எதிரெதிர் வடிவத்திற்கு அடுத்தடுத்த இரண்டைக் கவ்வும் கை அமையவில்லை.

மனிதருக்கு முதன்முதல் கொடுத்தபோது நேர்ந்தவை கசப்பானவை. கட்டி கரைந்தது, சிறுநீரகமும் கெட்டது. ஓயாத வாந்தி, சிலருக்குக் காது மந்தமாயிற்று. இம்மருந்தைக் கைவிட்டுவிடலாம் என்று கருதியவர்களும் உண்டு. மருந்துக்கு முன்னும் பின்னும் உப்பு நீரை நிறையச் செலுத்தினால் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம் என்று அறிந்த பிறகே வழி பிறந்தது. 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இளைஞர்களைத் தாக்கும் விதைப்பைப் புற்று, பரவிவிட்டால் பெரும்பாலோரைக் கொன்றுவந்த நோய், பெரும்பாலோர் குணமடையும் நோயாயிற்று. நம் நாட்டுப் பெண்களுக்கோ இது வேறொரு வகையில் முக்கியம். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் தருவதைவிட, அதனுடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டினும் தந்தால் பிழைப்போர் மிகுவர் என்று 1999 இல் பல ஆய்வுகள் ஒருசேரக் காட்டின. இம்முறை இன்று பொது வழக்காகிவிட்டது. எல்லையோர ஊர்களிலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணின் கையில் ஏறும் தெளிந்த நீரில், இந்த அணைவு கரைந்திருக்கக் கூடும்.

இவ்வளவு நல்ல முன்மாதிரி இருக்கும்போது வேதியியலார் சும்மா இருப்பார்களா? பிளாட்டினம் விலை மிக்கது. தாமிரமும் துத்தநாகமும் கோபால்ட்டும் மலிவு; அவை உடலுக்குப் புதியனவும் அல்ல. ஆகவே உலகெங்கும் ஆயிரக்கணக்கான அணைவுகள் பிறந்தன. திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். பழனியாண்டவரும் அவருடைய மாணவர்களும், டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு புற்றணுக்களை அழிக்கும் தாமிர அணைவுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அகில் சக்கரவர்த்தியின் குழு வேறொரு வழியைத் தேர்ந்தது: இருட்டில் அடங்கியிருந்து, ஒளி பட்ட இடத்தில் மட்டும் செயற்படும் அணைவுகள். கட்டியின் மேல் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால் உடலின் பிற பகுதிகள் தப்பும் என்பது கருத்து. மெக்சிகோ நாட்டில் காசியோபெய்னா என்னும் தாமிர அணைவு மனிதரிடம் முதற்கட்டச் சோதனை வரை சென்றது. 1999 இல் மனிதரிடம் சோதிக்கத் தொடங்கிய ரூத்தீனிய அணைவு ஒன்று, எதிர்பார்த்த பயன் கிட்டாமையால் பின்னர் கைவிடப்பட்டது.

நம் கல்லூரிகளில் இவ்வாராய்ச்சி பெருகியதற்குக் காரணம் அதன் எளிமை. சாலிசிலால்டிகைடையும் ஓர் அமீனையும் ஆல்கஹாலில் கொதிக்க வைத்தால் 'ஷிப் காரம்' என்னும் மஞ்சள் ஈனி கிடைக்கும். அதனோடு தாமிர அசிடேட்டைச் சேர்த்தால் பச்சையோ பழுப்போ ஆன படிவு விழும். அகச்சிவப்பு நிறமாலையில் ஒரு கோடு சற்று இடம்பெயர்ந்திருந்தால் ஈனி உலோகத்தைப் பற்றியது என்று அறியலாம். காந்த அளவீட்டைக் கொண்டு எத்தனை எலக்ட்ரான்கள் இணையின்றி நிற்கின்றன என்று கணக்கிடலாம். பிறகு பாக்டீரியம் பரப்பிய அகர்த் தட்டில் அணைவு தோய்ந்த ஒரு சிறு காகித வட்டை வைத்து, மறுநாள் பார்த்தால் வட்டைச் சுற்றிப் பாக்டீரியம் முளைக்காத ஒரு வளையம் தெரியும். வளையம் பெரிதானால் மகிழ்ச்சியும் பெரிது.

அந்த மகிழ்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் என் மேற்பார்வையில் பட்டமேற்படிப்பு மாணவி ஒருத்தி தாமிர அணைவு ஒன்றைத் தயாரித்தாள். எல்லையோரச் சிற்றூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்த பெண். தட்டில் அகன்ற வளையம் கண்டு அவள் ஓடிவந்தாள். நானும் மகிழ்ந்தேன், மறைப்பானேன், கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன். பிறகுதான் வெறும் தாமிர அசிடேட்டையும், வெறும் ஈனியையும், கரைக்கப் பயன்பட்ட வெறும் கரைப்பானையும் தனித்தனியே அதே தட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. மறுநாள் வெறும் தாமிர அசிடேட்டும் ஏறக்குறைய அதே அளவு வளையத்தைக் காட்டி நின்றது. படிவைச் சரியாகக் கழுவாததால் அதனோடு தங்கிவிட்ட தாமிர உப்புத்தான் பாக்டீரியத்தைக் கொன்றிருக்கிறது. கழுவி, மறுபடிகமாக்கி, மீண்டும் வைத்தபோது வளையம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அந்தப் பெண் அன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஆய்வேட்டில் இரு படங்களையும் சேர்த்தே ஒட்டினாள், பெரிய வளையத்தையும் சிறிய வளையத்தையும். ஜவளகிரித் தோட்டத்தில் அரிவாளை நனைத்துப் பார்த்த முதியவரைக் கண்டபோது எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வந்தன.

கரைப்பானும் ஏமாற்றும். டைமெதில் சல்பாக்சைடு என்னும் திரவம் நீரில் கரையாத பொருள்களைக் கரைத்துத் தருவதால் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது. சிஸ்பிளாட்டினை அதில் கரைத்தால் கரைப்பானே பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு மருந்தின் ஆற்றலைக் குலைத்துவிடும். அவ்வாறு கரைத்த சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டு, எங்கள் புதிய அணைவு அதனினும் சிறந்தது என்று சொல்வது, கால் கட்டிய குதிரையோடு பந்தயம் ஓடி வென்றதாகச் சொல்வதற்கு ஒப்பாகும். இத்தகைய கட்டுரைகள் அச்சில் வந்துள்ளன என்பதை வெட்கத்தோடுதான் குறிப்பிடுகிறேன்.

இன்னொரு நுட்பம். தட்டில் வளரும் புற்றணுக்களைக் கொல்வது அரிதான செயலன்று. சலவைத் தூளும் கொல்லும். 1951 இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றளவும் உலகெங்கும் வளர்க்கப்படும் ஹீலா அணுக்களின் மேல் ஓர் அணைவைச் சோதித்தால், அதே அளவு அணைவை நலமுள்ள அணுக்களின் மேலும் சோதிக்க வேண்டும். ஒன்று மடிந்து மற்றொன்று பிழைத்தால் அது கவனிக்கத்தக்கது. இரண்டும் மடிந்தால் அது வெறும் நஞ்சு. அதற்குப் பிறகு எலி. அதன் சிறுநீரகம், கல்லீரல், இரத்தம். அதற்கும் பிறகே மனிதர். தயாரித்த ஆயிரக்கணக்கான அணைவுகளுள் இவ்வழியெல்லாம் கடந்து மருத்துவமனையை அடைந்தவை மிகச் சிலவே. பிளாட்டினக் குடும்பத்திலேயே உலகெங்கும் பரவலாகப் புழங்குபவை சிஸ்பிளாட்டினும், கார்போபிளாட்டினும், ஆக்சாலிபிளாட்டினும்தான்.

சிஸ்பிளாட்டினால் காது மந்தமாகும் என்றேன். புற்று குணமாகி வீடு திரும்பும் குழந்தைக்குக் காது கேளாமற்போனால், பேச்சும் படிப்பும் தடைப்படும். இதற்கு விடை தேடியவர்கள் நாடியது பழைய பொருள் ஒன்றை. இளஞ்சோளம் மேய்ந்து சாய்ந்த மாட்டுக்குத் தருவதாக முன்பு கூறினேனே, அந்தச் சோடியம் தயோசல்பேட்தான் அது. போட்டோக் கடைகளில் படச்சுருள் கழுவிய காலத்தில் 'ஹைப்போ' என்ற பெயரில் அதை எல்லாரும் அறிந்திருந்தனர். அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தை இறுகப் பற்றக்கூடியது. ஆனால் இரண்டையும் ஒருங்கே கொடுத்தால் மருந்தின் வேலையே கெட்டுவிடும் அல்லவா? ஆகவே சிஸ்பிளாட்டினைச் செலுத்தி முடித்து, அது கட்டியைத் தாக்குவதற்கு 6 மணி நேரம் விட்டு, அதன் பின்னரே தயோசல்பேட்டைச் செலுத்தினர். கல்லீரலில் ஒரு வகைப் புற்றுக் கொண்ட குழந்தைகளிடம் நடத்திய இந்தச் சோதனையின் முடிவு 2018 இல் வெளிவந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களுள் 100க்கு 63 பேருக்குச் செவிப்புலன் குறைந்திருந்தது. தயோசல்பேட்டும் பெற்றவர்களுள் 33 பேருக்கே குறைந்திருந்தது. நோயினின்று பிழைத்தோரின் விகிதத்தில் குறைவு காணப்படவில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசு, பரவாத கட்டிகளுக்கு இம்மருந்து பெறும் குழந்தைகளுக்காக அதற்கு ஒப்புதல் வழங்கியது.